ஏழாம் மாடிப் பெருமூச்சு

முப்பத்தோரு வருஷம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக நின்ற தமயந்திக்கு, ஓய்வு பெற்ற அன்று கிடைத்தவை மூன்று: ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், இரண்டு கெட்டுப்போன முழங்கால்கள். சால்வையைப் பூச்சி தின்றது. கடிகாரம் தானாகவே நின்றது. முழங்கால்கள் மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்து வலித்தன. விசிலை அவளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டெப்போவில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

அந்த முழங்கால்களோடு அவள் குடியிருந்தது வியாசர்பாடி அல்லி மாடத்தின் ஏழாம் மாடியில். லிஃப்ட் உண்டு. ஆனால் 2061-ல் லிஃப்டுக்கும் நேரத்துக்கு ஒரு விலை. காலை எட்டு மணிக்கு ஏழாம் மாடியிலிருந்து கீழே இறங்கும் காசில் விழுப்புரம் போய், சாப்பிட்டு, திரும்பி வந்துவிடலாம். அதனால் அல்லி மாடத்தில் எல்லோரும் படிதான். படியேறி வீட்டுக்குள் நுழைந்தால் ஆள் முதலில் வருவார், மூச்சு புதன்கிழமைதான் வந்து சேரும்.

கட்டடம் நிழல்குடை நிதியத்துக்குச் சொந்தம். அதன் முதலாளி யார் என்று யாருக்கும் தெரியாது. ஆள் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை பதித்திருந்தார்கள். அதில் இரண்டே வரிகள். ஒன்று, அந்த வாரத்து வாடகை. இன்னொன்று, ‘விரும்புவோர்’ என்று போட்டு ஓர் எண். அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டு ஏலம் கேட்டவர்களின் எண்ணிக்கை அது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பலகை மாறும். யாரோ அதிகமாகக் கேட்டால் அதுதான் புது வாடகை. கட்ட முடிந்தால் இருக்கலாம். முடியாவிட்டால் அடுத்த வெள்ளிக்குள் கிளம்ப வேண்டும், கேட்டவர் வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை காலைகளில் அல்லி மாடத்தில் இட்லிகூட பயத்தில் உப்பாது.

தமயந்தி சும்மா இருக்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மொட்டை மாடியில் வகுப்பு ஆரம்பித்தாள். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம். வராதவர் வாசலில் போய் நின்று, தூங்குகிற குழந்தைகள் எழுந்து பள்ளிக்கூடம் கிளம்பும் அளவுக்கு விசில் அடிப்பாள். அதனால் எல்லோரும் வந்தார்கள்.

ஆனால் ஒரு தலை மட்டும் எப்போதும் குறைந்தது. வீடுகள் தொண்ணூற்றாறு. அவள் படிக்கட்டுப் பக்கம் நின்று, பஸ்ஸில் எண்ணுகிற மாதிரியே விரலை ஆட்டி எண்ணுவாள். தொண்ணூற்றைந்து. மறுபடி எண்ணுவாள். தொண்ணூற்றைந்து.

“எவன் அந்த டிமிக்கி? வாராவாரம் ஒரு டிக்கெட்டு குறையுது!” என்று அவள் கத்தும்போது முதல் வரிசையில் இருக்கும் நாலாம் மாடி காசிநாதன், தான் இருக்கிறோமா என்று தன்னையே தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

“விடு கண்டக்டரம்மா, செக்கிங் இன்ஸ்பெக்டரா வரப்போறாரு?” என்றார் ஐந்தாம் மாடி சவரிமுத்து. ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் பெரம்பூரில் கேட்கும்.

“அண்ணே, பஸ்ல சீட்டு யாருது?” என்று அவரிடமே ஆரம்பித்தாள் தமயந்தி.

“கவர்மெண்டுது.”

“நீ குந்திகினு இருக்கசொல்லோ?”

“என்னுது.”

“எறங்கின பெறகு?”

“எவன் குந்தறானோ அவனுது.”

“என்னிக்காச்சும் சீட்ட வித்துட்டு எறங்கினியா?”

மாடியே சிரித்தது.

“சரி, நீ குந்திகினு வர. பக்கத்துல நிக்கறவன், ‘கண்டக்டரம்மா, இந்தாள விட நான் அஞ்சு ரூபா கூட தரேன், எழுப்பி வுடு’ன்றான். நான் வந்து உன்ன எழுப்பினா?”

“எழுப்பித்தான் பாரேன்!”

“வூட்டுல மட்டும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எழுப்புறானே, பொட்டிய கட்டினு எழுந்து போறாங்களே, அது இன்னா?”

சிரிப்பு நின்றது. சவரிமுத்து மீசையைத் தடவினார்.

“அதான் விஷயம்,” என்றாள் தமயந்தி. “வூடுன்றது சீட்டு மாதிரி. குந்தறதுக்கு. அத எவனோ வெங்காய மூட்டையா ஆக்கிட்டான். வாங்கி வெச்சி, வெல ஏத்தி வித்துகினு இருக்கான். நாம கூட்டுறவா சேந்து கட்டடத்த எடுத்தா, இது எல்லாருக்கும் சேத்து சொந்தம். தனியா எவனும் விக்க முடியாது. இருக்கற வரைக்கும் இரு. எறங்கினா அடுத்த ஆள் குந்தட்டும்.”

“அப்ப வெல ஏறிச்சின்னா நமக்கு ஒண்ணும் கெடைக்காதா?” என்று கேட்டாள் மூன்றாம் மாடி லீலாவதி. நியாயமான கேள்வி. மாடியில் பாதிப் பேர் அதைத்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கெடைக்காது. ஒத்த ரூபா கெடைக்காது. ஆனா எவனும் எழுப்பவும் மாட்டான். ரெண்டுல எது வேணும், வூட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வா.”

அதற்கு வழியும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். யாரும் படிக்காத வாடகை ஒப்பந்தத்தை, கண்ணாடியை மூன்று முறை துடைத்துக்கொண்டு, அவள் ஒருத்திதான் படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் அரசாங்க விதி ஒன்று இருந்தது: தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை, ஒரு கட்டடத்தில் ஒரு வீட்டைக்கூட யாரும் ஏலம் கேட்கவில்லை என்றால், அது செல்லாச் சொத்து. குடியிருப்பவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கேட்டால் நிதியம் கொடுத்தே தீரவேண்டும். கட்டிவரும் வாடகையே தவணை.

“யாரும் கேக்கக் கூடாதா? மொத்தம் நூத்தி நாப்பது பேரு கேட்டுகினு இருக்கானுங்களே!” என்றார் சவரிமுத்து.

“கேக்கறவனுங்க ஓடற மாதிரி பண்ணணும்,” என்றாள் தமயந்தி. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தால், லைட்டை அணைத்துவிட்டு ஓடும் திருட்டு பஸ்ஸே ஓரம் கட்டி நின்றிருக்கும்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தாள் ஷம்ஷாத். தரைத்தளத்தில் மூன்றாம் எண் வீடு. தையல் வேலை. கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாளா என்று லீலாவதிக்கு நெடுநாள் சந்தேகம். ஷம்ஷாத்தின் கண் கலங்கியிருந்தது.

“அக்கா, எம் பலகைல பதினாலு பேராம். வாடகை இன்னும் ஒருதபா ஏறினா என்னால முடியாதுக்கா. இந்த மிசின தூக்கினு கும்மிடிப்பூண்டிக்கு அந்தாண்ட போணும். அங்க எனக்கு யாரு ஜாக்கெட் தைக்கக் குடுப்பா?”

தமயந்தி அவள் கையைப் பிடித்தாள். தமயந்தியின் பேத்தி பாவாடை முதல் சவரிமுத்துவின் அறுபதாம் கல்யாண வேட்டிக் கரை வரை ஷம்ஷாத் கைபடாத துணி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

“ஷம்சு, உன்ன எவன் எழுப்புறான்னு நான் பாக்கறேன். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!”

மறுநாளே நாசவேலை தொடங்கியது. வெளியாட்கள் வந்து பார்த்தால் அலறியடித்து ஓட வேண்டும், அதுதான் திட்டம். தினமும் ஒரு மாடியில் சண்டை. திங்கள் முதல் மாடி, செவ்வாய் இரண்டாம் மாடி என்று பஸ் அட்டவணை மாதிரி தமயந்தி எழுதி ஒட்டினாள். சவரிமுத்துவும் காசிநாதனும் ஒரு வாளிக்காகப் போட்ட சண்டையில் ஆகாயத்தில் பறந்த காக்கைகள் செங்குன்றம் பக்கம் குடிபெயர்ந்தன. லீலாவதி வைத்த ஒப்பாரியில் எமனே ஒரு நிமிஷம் யார் வீடு என்று பட்டியலைப் புரட்டியிருப்பான். கருவாடு வறுத்த புகையில் ட்ரோன்கள் வழி தெரியாமல் மோதிக்கொண்டன. மொட்டை மாடியில் ஒரு பேய் இருப்பதாகவும், அது வாடகை பாக்கி வைத்தவரை மட்டும் பிடிப்பதாகவும் செய்தி பரப்பினார்கள்.

சண்டை நடக்கும் மாடிக்கு மற்ற ஏழு தளத்து ஜனமும் திரளும். கைதட்டக் கூடாது என்பதால் வாய்க்குள் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிக்கும். சண்டை முடிந்ததும் அந்தந்த மாடிக்காரர்கள் வீட்டில் டீ. மூன்று வருஷமாக முகம் மட்டும் தெரிந்தவர்கள் முதல்முறையாக ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனார்கள். “அட, உங்க ஜன்னல்ல இன்னா காத்து!” “உங்க சமையக்கட்டு இன்னா வாட்டமா கீது!” என்று வாய் ஓயாமல் பேசினார்கள்.

மூன்று வாரம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பலகைகள் மாறின. நூற்று நாற்பதாக இருந்த ‘விரும்புவோர்’ இருநூற்று மூன்று ஆகியிருந்தது.

“இந்த நாத்தத்துக்கா?” என்று அலறினார் சவரிமுத்து. “எவன்டா அந்த ரசனக்காரன்?”

பதினோரு மணிக்கு நிழல்குடையின் சமூக உறவு அலுவலர் ரித்தீஷ் கையில் மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தார். முப்பது வயது. சலவை மடிப்பு கலையாத சட்டை.

“வாழ்த்துகள் மேடம்! வட சென்னையிலேயே வேகமா மதிப்பு ஏறுற கட்டடம் உங்களுதுதான். இன்னா பண்றீங்கன்னு தெரியல, அதையே தொடர்ந்து பண்ணுங்க.”

மைசூர்பாகை யாரும் தொடவில்லை. ஷம்ஷாத்தின் பலகையில் வாடகை ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. கீழே சிவப்பில் ஒரு வரி: ‘அடுத்த வெள்ளி காலை பத்து மணிக்குள் உறுதி செய்யவும் அல்லது காலி செய்யவும்.’ அவள் உள்ளே போய், பாதி தைத்த ஜாக்கெட்டுகளை மடித்து, யார் யாருடையது என்று சீட்டு எழுதிக் குத்த ஆரம்பித்தாள்.

அந்த வாரம் தமயந்தி பம்பரம். வார்டு ஆபீசுக்கு ஓடினாள். வக்கீலைப் பார்த்தாள். ஏலம் கேட்பவர்களின் பெயரைக் கொடுங்கள் என்று ரித்தீஷிடம் மன்றாடினாள். “ரகசியம் மேடம், எங்களுக்கே தெரியாது. எல்லாம் மெஷின் பாத்துக்குது,” என்றார் அவர். வியாழக்கிழமை மதியம் வெயிலில் அலைந்துவிட்டுத் திரும்பியவள், ஷம்ஷாத் வாசலில் கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பார்க்கத் தைரியமில்லாமல் நேரே படியேறினாள். ஆறாம் மாடித் திருப்பத்தில் முழங்கால் மறியல் செய்தது. அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

பக்கத்துச் சுவரில் தோழியின் சிறு பச்சை விளக்கு எரிந்தது. தோழி என்பது நிழல்குடை எல்லாச் சுவர்களிலும் பதித்திருந்த குரல். தண்ணீர் வரும் நேரம் சொல்லும், மழை வந்தால் துணி எடுக்கச் சொல்லும். நல்ல பெண். ஆனால் வாய் கொஞ்சம் அதிகம்.

“அம்மாடி,” என்று தமயந்தி பெருமூச்சு விட்டாள். “கீழ ஒரு வூடு இருந்தா இந்தப் பாடு உண்டா?”

“வணக்கம் தமயந்தி அம்மா,” என்றது தோழி. “உங்கள் விருப்பம் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. இது நூற்று அறுபத்து மூன்றாவது வாரம்.”

“எந்த விருப்பம்?”

“தரைத்தள வீடு வேண்டும் என்ற விருப்பம். நீங்கள் குடிவந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, ‘கீழ் வீடு கெடைச்சா தேவல’ என்றீர்கள். உங்கள் சார்பில் கேட்கட்டுமா என்று கேட்டேன். ‘ஆமா ஆமா, ஆள வுடு’ என்றீர்கள். அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.”

தமயந்தி பச்சை விளக்கின் பக்கம் திரும்பினாள். “எந்த வூட்டக் கேக்கற?”

“மூன்றாம் எண்.”

“எவ்ளோ வரைக்கும் கேப்ப?”

“உங்கள் ஓய்வூதியம் எதுவரை தாங்குமோ அதுவரை. ஒவ்வொரு பெருமூச்சுக்கும் கொஞ்சம் உயர்த்துவேன். நீங்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினோரு பெருமூச்சு விடுகிறீர்கள் அம்மா. இப்போது பதினாலு பேரில் நீங்கள்தான் முதலிடம். வாழ்த்துகள்! நாளை காலை பத்து மணிக்கு அந்த வீடு உங்களுக்குக் கிடைத்துவிடும்.”

தமயந்தியின் கண்முன் கீழ் வீடு வந்து நின்றது. வாசலிலிருந்து கேட்டுக்கு இரண்டே படி. முழங்காலுக்கு அது சொர்க்கவாசல். யாருக்கும் தெரியாது. மெஷின் பார்த்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு நொடி அப்படி நினைத்தாள். சரி, பொய் எதற்கு, நாலு நொடி நினைத்தாள். ஐந்தாவது நொடியில் தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் நாலாம் மாடி வரை கேட்டது.

“என் பேர எடுத்துடு, தோழி.”

“எடுத்துவிட்டேன். அடுத்தவர் முதலிடத்துக்கு வருகிறார்.”

“அது யாரு?”

“பிறர் விருப்பத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.”

எழப்போன தமயந்தி மறுபடி உட்கார்ந்தாள். “இந்தா, நீ எந்தச் சுவத்துல கேக்கறத ஏலத்துல போடுவ?”

“அல்லி மாடத்துச் சுவர்களில் கேட்பதை மட்டும். எனக்கு வேறு சுவர்கள் கிடையாது.”

“அப்ப வெளியாளுங்க?”

“இந்த ஊரில் வேறு யாருக்கும் இந்தக் கட்டடம் இருப்பதே தெரியாது அம்மா. இப்போது கொஞ்சம் கருவாட்டு வாசனையால் தெரியும்.”

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் தலை எண்ணியவள் தமயந்தி. கண்டக்டர் எண்ணும்போது தன்னைச் சேர்க்கக் கூடாது. அது தொழில் பழக்கம், கையோடு ஊறிப்போனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குறைந்த அந்தத் தொண்ணூற்றாறாவது டிக்கெட் யார் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. பாவம் காசிநாதன்.

விசிலை எடுத்தாள். ஊதினாள். சாதாரண விசில் இல்லை, பிரேக் பிடிக்காத பஸ்ஸை நிறுத்தும் விசில். ஐந்து நிமிஷத்தில் கட்டடமே மொட்டை மாடியில் நின்றது. கழுத்தில் நாடாவோடு ஷம்ஷாத்தும் வந்தாள், ஓரமாக நின்றாள்.

“ஷம்சுவ எழுப்புறவன புடிச்சிட்டேன்,” என்றாள் தமயந்தி.

“எவன் அவன்? இட்டுனு வா, கைய கால ஒடிக்கிறேன்!” என்று சட்டைக் கையைச் சுருட்டினார் சவரிமுத்து.

“ஏற்கெனவே ஒடிஞ்ச காலுதான் அண்ணே. நான்தான்.”

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நாலு நொடியையும் சேர்த்துத்தான் சொன்னாள். ஷம்ஷாத் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து மெல்லச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“மூணு வருசமா தெனிக்கும் எம் வாசலத் தாண்டித்தானே போற. வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுதானே அக்கா?”

“கேக்கணும்னு தோணவே இல்ல ஷம்சு. சொவத்துகிட்டதான் பொலம்பினேன்.” தமயந்தியின் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. “நான் வெலகிட்டேன். ஆனா இன்னும் பதிமூணு பேரு கீறாங்க. எல்லாம் இங்கதான் நிக்கறாங்க. அவங்களுக்கே தெரியாது. போங்க, அவங்கவங்க சொவத்த கேளுங்க.”

சவரிமுத்து வேகமாகப் படிக்கட்டுச் சுவரிடம் போனார். தோழி என்ன சொன்னதோ, திரும்பி வந்தபோது சுருட்டிய சட்டைக் கை தானாக இறங்கியிருந்தது.

“எனக்கும் முட்டிவலி கீது இல்ல?” என்றார், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக. “அதான்... ரெண்டு வருசமா... ஷம்ஷாத்து, மன்னிச்சுக்கம்மா.”

அப்புறம் வரிசை. பதினாலு முழங்கால்காரர்களும் ஷம்ஷாத்தின் வீட்டைக் கேட்டிருந்தார்கள். லீலாவதி, காசிநாதன் வீட்டுச் சமையலறையைக் கேட்டிருந்தாள். காசிநாதன், சவரிமுத்து வீட்டுக் காற்றைக் கேட்டிருந்தார். டீ குடித்த வாரங்களில் விட்ட ஒவ்வொரு ‘இன்னா காத்து’ம் ஏலத்துக்குப் போயிருந்தது. இருநூற்று மூன்று பேரும் அந்தத் தொண்ணூற்றாறு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஒருவரை ஒருவர் எழுப்பிவிட, ஒருவர் வீட்டு டீயை ஒருவர் குடித்துக்கொண்டே வாடகையை ஏற்றியிருந்தார்கள்.

கடைசியாக ஷம்ஷாத் சுவரருகில் போனாள். “நான் எதுவும் கேக்கல. எனக்கு எம் வூடே போதும்,” என்று சொல்லிக்கொண்டேதான் போனாள்.

“வணக்கம் ஷம்ஷாத் அம்மா,” என்றது தோழி, எல்லோருக்கும் கேட்கும்படி. “உங்கள் விருப்பம் நூற்று நாற்பதாவது வாரமாக நடப்பில் இருக்கிறது. ‘கீழ வெளிச்சமே இல்ல, ஊசிக்கு நூல் கோக்க முடியல, ஏழாவது மாடி அக்கா வூட்டுல சூரியன் குடியிருக்குது’ என்றீர்கள். அந்த வீட்டுக்கு நீங்கள்தான் முதலிடம்.”

ஷம்ஷாத்தின் கையிலிருந்த நாடா நழுவி, சுருள் பிரிந்து தமயந்தியின் காலடி வரை ஓடியது.

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தகராறு. சவரிமுத்து தான்தான் என்கிறார். அந்தச் சிரிப்பில் தண்ணீர்த் தொட்டியில் அலை எழும்பியது என்று லீலாவதி சத்தியம் செய்கிறாள். சூரியன் இறங்குவதற்குள் இருநூற்று மூன்று விருப்பமும் நீக்கப்பட்டன. தோழி ஒவ்வொன்றுக்கும் ‘நன்றி’ சொன்னது. இருநூறாவது நன்றியில் அதன் குரல் கொஞ்சம் கம்மியது போலிருந்தது.

வெள்ளி காலை பத்து மணி. தொண்ணூற்றாறு பலகையிலும் ஒரே வரி: ‘விரும்புவோர்: 0’. ஷம்ஷாத்தின் சிவப்பு வரி மறைந்தது.

“முதல் வெள்ளி,” என்றாள் தமயந்தி. “இன்னும் ரெண்டு. அதுவரைக்கும் எவனும் எவன் வூட்டையும் பாத்து பெருமூச்சு வுடக் கூடாது. நானும் ஷம்சுவும் வூட்டை மாத்திக்கணும்னு பேசினாக்கூட அது ஏலத்துல போயிடும். வாயத் தெறக்கக் கூடாது.”

ஏலம் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பது பெரிய வேலையாக இருந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், “ஐய, இன்னா வூடு இது, நல்லாவே இல்ல!” என்று சொல்வதே மரியாதை ஆனது. வீட்டுக்காரர் கைகூப்பி, “ரொம்ப நன்றிங்க,” என்பார். ஷம்ஷாத் ஒருநாள் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க ஏழாம் மாடிக்கு வந்தாள். ஜன்னல் வழியே வெயில் தரையில் பாய் விரித்திருந்தது. அவள் நின்றாள். கண் விரிந்தது. நெஞ்சு ஏறியது, வாய் திறந்தது... தமயந்தி விசிலடித்தாள். ஷம்ஷாத் அந்த மூச்சை அப்படியே விழுங்கி, ஏழு மாடியும் கன்னத்தை உப்பிக்கொண்டே இறங்கி, தெருவுக்குப் போய்த்தான் வெளியே விட்டாள். எதிர்க்கடை வாழைத்தார் ஆடியது.

இரண்டாம் வெள்ளியும் பூஜ்யம். ரித்தீஷ் ஓடி வந்தார். இந்தமுறை மைசூர்பாகு இல்லை.

“மேடம், ஒரு ஆள்கூட கேக்கலியே! இன்னா ஆச்சு?”

“தம்பி, நீ எங்க குடியிருக்க?”

“கொளத்தூர்ல, நம்ம நிதியத்துக் கட்டடம்தான். ஏன்? அங்க எம் வீட்டுக்குப் பத்தொம்பது பேர் போட்டி. அடுத்த மாசம் தாங்குமான்னு தெரியல.”

“போய் உங்க வூட்டுச் சொவத்த கேளு,” என்றாள் தமயந்தி.

மூன்றாம் வெள்ளி வந்தது. எல்லோரும் தரைத்தளத்தில் ஷம்ஷாத்தின் பலகை முன்னால் நின்றார்கள். ஒன்பது ஐம்பத்தெட்டு. மூச்சு விடவே பயந்து நின்றது கூட்டம். தமயந்தியின் கணவர் தணிகாசலம், கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் மொத்தமாக ஒரு பக்கத்துக்குப் பேசியவர், அன்று பார்த்து வாயைத் திறந்தார்.

“இந்தக் கீழ் வூடு மட்டும்...”

தமயந்தி கையிலிருந்த மெதுவடையை முழுசாக அவர் வாயில் திணித்தாள். அவர் அதை மென்று விழுங்குவதற்குள் பத்து மணியானது. பலகை ஒருமுறை கண் சிமிட்டியது. பூஜ்யம். அப்புறம் வாடகை வரியும் மறைந்து, மூன்று வருஷத்தில் யாரும் பார்க்காத வெறும் கண்ணாடி தெரிந்தது. அதில் அவர்கள் முகங்கள்தான் இருந்தன.

அன்றே தொண்ணூற்றாறு வீட்டுக் கையெழுத்தோடு, கட்டடத்தைக் கூட்டுறவுக்குக் கேட்டு நிதியத்துக்கு மனு போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அல்லி மாடம் குடியிருப்போர் கூட்டுறவின் முதல் கூட்டம். தமயந்தி விரலை ஆட்டி எண்ணினாள். தொண்ணூற்றைந்து. தன் நெஞ்சைத் தொட்டு, “தொண்ணூத்தாறு,” என்றாள். காசிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம். ரித்தீஷ். பின்னால் முப்பது நாற்பது பேர், மூச்சு வாங்கியபடி, கொளத்தூர்க்காரர்கள்.

“சொவத்த கேட்டேன் மேடம்,” என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. “என்னோட மேல் வீட்டுக்காரரு கீழ் வீடு, கீழ் வீட்டுக்காரரு என் வீடு... நாங்களும் கொஞ்சம் உக்காந்து கேக்கலாமா?”

“உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது!” என்றாள் தமயந்தி.

முதல் தீர்மானத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் லிஃப்ட் இலவசமாக ஓடியது. தமயந்தியின் பீரோ கீழே இறங்கியது. ஷம்ஷாத்தின் தையல் மெஷினுக்கு லிஃப்டை நம்பாமல், முட்டிவலியை மறந்து சவரிமுத்துவே தோளில் தூக்கி ஏறினார், மாடிக்கு ஒருமுறை நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டு. இந்த மாற்றத்துக்கு விலை என்ன எழுதுவது என்று கூட்டுறவின் புதுச் செயலாளர் கேட்டபோது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டம் இன்றும் அந்தப் பதிவேட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் தமயந்தி இரண்டே படி இறங்கி, கேட்டருகில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். மேலே ஏழாம் மாடி ஜன்னலில் மெஷின் ஓடும் சத்தம். ஷம்ஷாத் தலையை நீட்டினாள்.

“அக்கா! கண்ணாடி போடாமயே நூல் கோத்துட்டேன்!”

“காலு எப்படி கீதுன்னு கேளு!”

“எப்படி கீது?”

தமயந்தி ஆழமாக ஒரு பெருமூச்சு விட்டாள். முழுசாக, நிதானமாக, யாருக்கும் பயப்படாமல். சுவரில் தோழியின் பச்சை விளக்கு ஒருமுறை எரிந்தது.

“ஏதாவது விருப்பம் உண்டா அம்மா?”

தமயந்தி விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள்.

“ஒண்ணும் இல்ல. போலாம், ரைட்!”